தூக்கம் வராத பெட்டி

"அண்ணாச்சியோட பெட்டிக்குத் தூக்கமே வராதாம்ல."

"ஏன்?"

"அண்ணாச்சி பக்கத்துல இருந்தா எதுக்குத் தூக்கம் வரும்?"

கேன்டீனுக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டிருந்த கோமதிநாயகத்தின் காதில் ஜன்னல் வழியாக இது விழுந்தது. அவர்தான் அந்த அண்ணாச்சி.

உள்ளே சிரித்தவர்கள் இரண்டு பேர். நகுலன், ரோஸ்லின். அவரோடு கூட ஆராய்ச்சி செய்கிறவர்கள். அவர் வயதில் பாதிதான் இருக்கும்.

அண்ணாச்சி குழாயை மூடினார். டீ குடிக்காமலே திரும்பி நடந்தார்.

*

தென்காசிக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்த நிலையம். இயற்பியல் ஆராய்ச்சி நடக்கிற இடம். ஆனால் இயந்திரம் என்று எதுவும் கிடையாது. எங்கே பார்த்தாலும் கரும்பலகைகள். அறைக்குள், தாழ்வாரத்தில், சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில்கூட ஒன்று.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் பலகையில் கை வைக்கக் கூடாது. பாதியில் நிற்கிற கணக்கு, எழுதியவர் திரும்பி வரும்வரை பாதியிலேயே நிற்கும். பெருக்குகிறவர்கள்கூட அதைச் சுற்றித்தான் துடைப்பார்கள்.

கோமதிநாயகம் பல வருஷம் கல்லூரியில் பாடம் நடத்தியவர். ஐம்பதைத் தாண்டிய பிறகு, விடுப்பு எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டி ஹபீபா. காயல்பட்டினத்துக்காரர். அண்ணாச்சியிடம் முதன்முதலில் படித்த மாணவர்களைவிட இளையவர்.

அண்ணாச்சி வேகமான மனிதர். சோறு ஆறுவதற்குள் சாப்பிட்டு எழுந்துவிடுவார். வகுப்பில் கேள்வி கேட்பார். பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

ஹபீபா நேர் எதிர். எதைக் கேட்டாலும் சற்று நேரம் சும்மா இருப்பார். போனில் பேசுகிறவர்கள் லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடுவதும் உண்டு.

*

அவர்கள் ஆராய்ந்தது வெற்றிடத்தை.

ஒன்றுமே இல்லாத வெளியில் உண்மையிலேயே ஒன்றுமில்லையா? கேட்க எளிது. சொல்வது கஷ்டம். அசையாமல் நிற்கிறவருக்கு அந்த வெளி காலியாகத் தெரியும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவருக்கு அதே வெளி கதகதப்பாக, ஏதோ நிறைந்ததாகத் தெரியும். இருவரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே அந்தத் துறையில் இருப்பவர்கள் ஒரு பெட்டியைக் கற்பனை செய்துகொண்டார்கள். தாளில் மட்டும் இருக்கிற பெட்டி. அதற்கு இரண்டே நிலை. தூக்கம், விழிப்பு. வெளியிலிருந்து ஏதாவது வந்து தட்டினால் விழித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தூங்கும்.

அங்கே துகள் இருக்கிறதா என்று கேட்காதே. பெட்டி விழித்ததா என்று கேள். அவ்வளவுதான் பாடம்.

பெட்டியைக் கடைசியில் கருந்துளையின் ஓரத்துக்கு, வெளிகூட வளைந்து கிடக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அண்ணாச்சியின் ஆசை. அதற்கு முன்னால் சும்மா ஒரு சோதனைக்காக, தட்டையான வெளியில், ஆள் அரவமில்லாத இடத்தில், அசையாமல் நிற்க வைத்துக் கணக்குப் போட்டார்.

பெட்டி விழித்துக்கொண்டது.

சாதாரண விழிப்பு இல்லை. கணக்கு முடிவே இல்லாமல் பெருகிக்கொண்டு போயிற்று.

அண்ணாச்சி இரண்டு தடவை சரிபார்த்தார். பிழை இல்லை. அசையாமல் நிற்கிறவருக்கும் வெற்றிடம் காலியில்லை என்பதை உலகத்தில் முதன்முதலாகத் தான் கண்டுபிடித்துவிட்டதாக முடிவு செய்தார். அன்று மாலையே திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் போய், நிலையத்தில் இருந்த எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்தார்.

ஹபீபா அல்வாவைத் தின்றுகொண்டே கணக்கைப் படித்தார். "நல்லா இருக்கு" என்றார்.

எதைச் சொன்னார் என்று அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் சிரிப்பு தொடங்கியது.

*

கேன்டீனிலிருந்து திரும்பிய அண்ணாச்சி நேராக ஹபீபாவின் அறைக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மேடம், நான் வெள்ளிக்கிழமை ஊருக்குப் போயிருதேன். திரும்பி வரல."

"உட்காருங்க அண்ணாச்சி."

"உட்கார நேரமில்ல. ரெண்டே விஷயம். என் பெட்டி யாருமே இல்லாத இடத்துல முழிக்குது. அது கண்டுபிடிப்பா, கிறுக்குத்தனமான்னு எனக்கே இப்ப தெரியல. தப்புன்னா எங்க தப்புன்னு கண்டுபிடிக்கவும் முடியல."

ஹபீபா பேனாவை மூடி வைத்தார்.

"ரெண்டாவது, இங்க உள்ள பிள்ளைங்க. நான் போய் உட்கார்ந்தா எந்திரிச்சிருதுங்க. இல்லன்னா வாயை மூடிக்கிடுதுங்க. நகுலன் முகத்தைக்கூடப் பாக்க மாட்டேங்கான். நல்லா கேட்டுக்கோங்க மேடம். யாருமே இல்லாத இடத்துல என் பெட்டிக்கு எல்லாம் கேக்குது. எல்லாரும் இருக்க இடத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல. இப்படி ஒருத்தன் இங்க எதுக்கு?"

ஹபீபா வழக்கம்போலச் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்.

"ரெண்டும் ஒரே கணக்குதான்."

"அதெப்படி? ஒண்ணு இயற்பியல், இன்னொண்ணு... சரி, நீங்க சொல்ல மாட்டீங்க. நானே யோசிக்கணும், அதானே? வாரேன்."

போய்விட்டார்.

ஹபீபா திறந்த வாயை மூடிக்கொண்டார்.

*

நகுலன் ஏன் முகம் பார்ப்பதில்லை என்பது அண்ணாச்சியைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அண்ணாச்சி வந்த புதிதில் நடந்தது. தாழ்வாரத்துப் பலகையில் நகுலன் மாதக்கணக்காக ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் கடைசி வரிக்கு முந்தின வரிவரை வந்துவிட்டான். ஒரு டீ குடித்துவிட்டு வந்து எழுதலாம், கடைசி வரியை நிதானமாக எழுத வேண்டும் என்று போனான்.

திரும்பி வந்தபோது கடைசி வரி எழுதப்பட்டிருந்தது. அண்ணாச்சியின் கையெழுத்து. கீழே அடிக்கோடு வேறு.

"சும்மா அந்தப் பக்கம் போனேன் தம்பி. பாத்ததும் தெரிஞ்சுட்டு" என்றார் அண்ணாச்சி.

எழுதியிருந்தது சரிதான். அதுதான் நகுலனுக்குப் பொறுக்கவில்லை.

*

மறுநாள் காலை ஹபீபாவே அண்ணாச்சியின் அறைக்கு வந்தார். மேஜையில் பாதி கட்டிய பை இருந்தது.

"கொஞ்சம் வாங்க."

"எங்க மேடம்?"

ஹபீபா பதில் சொல்லாமல் நடந்தார். அண்ணாச்சி முந்திக்கொண்டு போய், எங்கே போவதென்று தெரியாமல் நின்று, பின்னால் வந்தார்.

கருத்தரங்கக் கூடம் காலியாக இருந்தது. ஹபீபா கடைசி வரிசையைக் காட்டினார். அண்ணாச்சி அங்கே உட்கார்ந்தார். ஹபீபா மேடைக்குப் போய் மைக்கின் சுவிட்சைத் தட்டினார்.

*டொப்* என்று ஒலிபெருக்கி அதிர்ந்தது.

"யார் வந்தது?" என்று கேட்டார் ஹபீபா.

"யாரும் வரல மேடம். நீங்க சுவிட்சு போட்டிய."

ஹபீபா சுவிட்சை அணைத்தார். மறுபடியும் *டொப்*.

"இப்ப?"

"இப்ப அணைச்சிய. அதுக்கு யாராவது வரணுமா? சுவிட்சைப் படக்குன்னு போட்டா அப்படித்தான்..."

அண்ணாச்சி நிறுத்திக்கொண்டார்.

ஹபீபா காத்திருந்தார்.

அண்ணாச்சி ஒலிபெருக்கியைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார்.

ஹபீபா ஒலி அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு சுவிட்சைப் போட்டார். பிறகு குமிழை மெல்ல, மிக மெல்லத் திருப்பினார்.

கூடத்தில் சத்தமே இல்லை.

இன்னும் கொஞ்சம் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்து ஒலிபெருக்கியில் ஏதோ சன்னமாகக் கேட்டது. அண்ணாச்சி தலையைச் சாய்த்துக் கவனித்தார். மணலை மெதுவாக அள்ளிப் போடுவது மாதிரி.

"என்ன மேடம் அது?"

ஹபீபா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. எப்போது தொடங்கியது என்று அண்ணாச்சிக்குத் தெரியாது. அதில் நனைந்துதான் அவர் கூடத்துக்கு வந்திருந்தார். சட்டையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம்.

*

அறைக்குப் போனதும் தன் கணக்கை முதலிலிருந்து பார்த்தார்.

எல்லாம் சரியாக இருந்தது. ஒரே ஒரு இடத்தைத்தான் அவர் எப்போதும் பார்க்காமலே தாண்டிப் போயிருந்தார். பெட்டி வெளியைக் கவனிக்கத் தொடங்குகிற இடம்.

அவர் கணக்கில் அது இப்படி இருந்தது: ஒரு நொடிக்கு முன்னால் கவனிக்கவில்லை. அந்த நொடியில் முழுசாகக் கவனிக்கிறது. இன்னொரு நொடியில் அறவே விட்டுவிடுகிறது. படம் வரைந்தால் ஒரு செங்குத்துச் சுவர், ஒரு தட்டை, மறுபடியும் ஒரு செங்குத்துச் சுவர்.

அப்படி எழுதினால் கணக்கு சீக்கிரம் முடியும். அதனால்தான் எழுதியிருந்தார்.

முதல் சுவரை அழித்துவிட்டு ஒரு சரிவு வரைந்தார். கவனம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறட்டும். இரண்டாவது சுவரையும் அழித்தார். கொஞ்சம் கொஞ்சமாக இறங்கட்டும்.

முடிவில்லாமல் பெருகிய கணக்கு ஓர் எண்ணில் வந்து நின்றது.

சரிவை நீட்டினார். எண் சிறிதாயிற்று.

இன்னும் நீட்டினார். இன்னும் சிறிதாயிற்று.

கணக்கு இப்போது நீளமாகிவிட்டது. சாப்பாட்டு மணி அடித்ததை அவர் கவனிக்கவில்லை. தாள் நிறைந்தது, அடுத்த தாள் எடுத்தார். சரிவை எல்லையே இல்லாமல் நீள விட்டபோது, பெட்டி தூங்கிவிட்டது.

அதை எழுப்பிக்கொண்டிருந்தது வேறு யாரும் இல்லை, அவரேதான்.

*

ஹபீபாவின் அறைக்கு வந்தார். கதவைத் தட்டினார். உள்ளே வந்து, தாள்களை மேஜையில் வைத்து, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

ஹபீபா நிமிர்ந்து பார்த்தார்.



"தூங்கிட்டுது மேடம்."

"ம்."

"உங்களுக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க அடுத்த ரூமுக்கு அல்வா கொடுக்கப் போயிட்டீங்க."

அண்ணாச்சி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

"இப்ப என்கிட்ட ஒண்ணுமே இல்ல மேடம். கண்டுபிடிப்புன்னு ஊரைக் கூட்டுனேன். அது என் சுவிட்சுச் சத்தம். இந்த வயசுல வெறுங்கையோட வீட்டுக்குப் போகணும். போறதுல வருத்தமில்ல. எவ்வளவு நாள் என் சத்தத்தையே நான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன், அதை நினைச்சாத்தான்."

ஹபீபா மேஜை மேலிருந்த தாளைத் தன் பக்கம் திருப்பி, கடைசி வரியைப் பார்த்தார்.

"சும்மா இருக்கிற இடத்துல உங்க பெட்டி இனிமே சும்மா இருக்கும்."

"ஆமா."

"நாளைக்கு அது எங்கயாவது முழிச்சுக்கிட்டா?"

அண்ணாச்சி சட்டென்று வாயைத் திறந்தார். மூடினார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். திரும்பி ஹபீபாவைப் பார்த்தார்.

"நம்பலாம்" என்றார்.

ஹபீபா எழுந்து, பலகையில் ஒரு மூலையை மட்டும் துடைத்து, சாக்பீஸை அவர் பக்கம் நீட்டினார்.

"கொஞ்சம் தள்ளி விடுங்க பெட்டியை. வேகம் கூடிக்கிட்டே போகட்டும்."

அண்ணாச்சி எழுதத் தொடங்கினார். அவசரமில்லாமல் எழுதினார். நடுவில் ஒரு தடவை நின்று, எழுதியதை முதலிலிருந்து வாசித்தார். ஹபீபா தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை வெயில் சுவரில் ஏறியபோது அண்ணாச்சி பின்னால் நகர்ந்து நின்றார்.

"முழிச்சுட்டுது."

ஹபீபா வந்து பார்த்தார்.

"கதகதப்பு வருது மேடம். வேகம் எவ்வளவு கூடுதோ அவ்வளவு சூடு. புத்தகத்துல இருக்கது அப்படியே வருது. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்."

"ஆமா, தெரிஞ்சதுதான்."

"ஆனா இது சுவிட்சுச் சத்தம் இல்ல."

"இல்ல."

அண்ணாச்சி அந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி எண்ணுக்குக் கீழே கோடு இழுக்கக் கை போயிற்று. இழுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை பஸ்?" என்றார் ஹபீபா.

"அடுத்த வாரம் பாக்கலாம்."

"அந்த இன்னொரு கணக்கு? கேன்டீன்ல உள்ளது?"

அண்ணாச்சி வாசல்வரை போனவர் நின்றார்.

"அதுல சரிவை எவ்வளவு நீட்டணும் மேடம்?"

ஹபீபா யோசித்தார். நீண்ட நேரம் யோசித்தார். லைன் போய்விட்டது என்று அண்ணாச்சி இந்தத் தடவை நினைக்கவில்லை.

"எனக்குத் தெரியாது" என்றார் ஹபீபா.

*

அடுத்த நாள் கேன்டீனில் அண்ணாச்சி டீயோடு வந்து நகுலனும் ரோஸ்லினும் இருந்த மேஜையில் உட்கார்ந்தார்.

பேச்சு நின்றது.

என்னப்பா, கணக்கு எதுவரைக்கும் வந்திருக்கு என்று கேட்க அண்ணாச்சியின் நாக்கு துறுதுறுத்தது. டீயைக் குடித்தார். சூடு நாக்கைச் சுட்டது. ஊதிக் குடித்தார்.

ரோஸ்லின் அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அண்ணாச்சி, உடம்புக்கு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் பிள்ள."

அவ்வளவுதான் அன்றைக்கு. எழுந்து போகும்போதும் படக்கென்று எழவில்லை. தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, தலையசைத்துவிட்டுப் போனார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும்.

நகுலன் முதலில் சுவரைப் பார்த்தே சாப்பிட்டான். பிறகு ரோஸ்லினிடம் ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டினான். பிறகு அண்ணாச்சி இருப்பது மறந்துபோய், அவள் ஊரான நாகர்கோவிலில் எதிலெல்லாம் தேங்காயைப் போடுவார்கள் என்று அவளோடு சண்டை பிடித்தான்.

"டீயில மட்டும்தான் இன்னும் போடல" என்றான்.

"போட்டுப் பாத்தாத்தானே தெரியும். உங்க திருநெல்வேலில எல்லாத்துலயும் அல்வாவைப் போடலயா?" என்றாள் ரோஸ்லின். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.



"அது என்னவோ வாஸ்தவம்தான். ஒருத்தன் கணக்குலயே போட்டான்" என்றார் அண்ணாச்சி.

முதலில் சிரித்தது நகுலன்தான். சிரித்த பிறகுதான் யாரோடு சிரிக்கிறோம் என்பது அவனுக்கு நினைவு வந்தது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

*

சாரல் காலம் முடிகிற சமயம்.

அண்ணாச்சி டீயோடு தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தார். நகுலன் பலகைக்கு முன்னால் நின்றிருந்தான். கை முழுக்கச் சாக்பீஸ் தூள். பலகை பாதி நிறைந்திருந்தது.

அண்ணாச்சி பார்வையைத் தாழ்த்திக்கொண்டு தாண்டிப் போனார்.

"அண்ணாச்சி."

நின்றார்.

"ஒரு நிமிஷம் இதைப் பாக்கியளா?"

அண்ணாச்சி திரும்பி வந்தார். பலகையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றையொன்று பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. அவ்வளவு தூரத்தில் வைத்திருந்தான். இருந்தாலும் ஒன்று விழிப்பதற்கும் மற்றது விழிப்பதற்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும். நடுவில் இருக்கிற வெற்றிடம் அப்படிப்பட்டது. அந்த உறவு எவ்வளவு என்பதுதான் கணக்கு.

"வர வேண்டியது வர மாட்டேங்குது" என்றான் நகுலன். "ஹபீபா மேடத்துக்கிட்ட வெறுங்கையோட போகப் பிடிக்கல. எங்கயோ விட்டிருக்கேன். எங்கன்னு தெரியல."

அண்ணாச்சி பார்த்த உடனே தெரிந்துவிட்டது. மூன்றாவது வரியில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது.

நகுலன் சாக்பீஸை அவரிடம் நீட்டினான்.

அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். அதை விரல்களுக்கு நடுவில் ஒருமுறை உருட்டினார். பிறகு நகுலனின் கையை எடுத்து, உள்ளங்கையில் அதைத் திரும்ப வைத்தார். எதிரே கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"முதல் வரியில இருந்து சொல்லு தம்பி. எனக்குப் புரியுத மாதிரி."

நகுலன் சொல்லத் தொடங்கினான்.

மூன்றாவது வரி வரும்வரை அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.